சில்லின் சாய்வு: ட்ரிப்ட் காரின் கோணங்களும் ஒரு பழைய கேஈ 70 உம்

கிளிநொச்சியிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். "சின்னம்மா, ஒரு எண்பதாயிரம் மாறித் தருவியளோ?" என்றான். எதற்கு என்று கேட்டேன். "காருக்குக் காம்பர் வைக்க" என்றான். காம்பர் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. முன்சில்லுகளை உள்ளுக்குச் சாய்த்து நிறுத்துவதற்குத்தான் அந்தப் பெயர், அப்படிச் சாய்த்தால்தான் கார் வளைவில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு ஓடும் என்று சொல்லிவிட்டு, காணொளி ஒன்றையும் அனுப்பினான். புகைக்கு நடுவே ஒரு கார் நண்டுபோல ஓடிக்கொண்டிருந்தது.

அவனுடைய கார் டொயோட்டா கொரோலா கேஈ 70. அவனைவிட இரண்டு மடங்கு வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்புக்கெல்லாம் தங்க விலை. அக்கா தன் தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகை எல்லாவற்றையும் அடைவு வைத்துத்தான் அதை வாங்கிக் கொடுத்தாள். தகப்பன் 2009 இல் இல்லாமல் போனபிறகு அந்த வீட்டுக்கு நிரந்தர வருமானம் என்று வந்தது இந்தக் கார்தான். கிளினிக்குக்குப் போகும் வயதானவர்கள், கோயிலுக்குப் போகும் குடும்பங்கள், இரவில் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் என்று ஹயர் ஓடுகிறான்.

காசு கொடுக்க முதல் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று போனேன். முற்றத்தில் கார் பதிந்து நின்றது. கூட்டாளி ஒருவனின் கிரைண்டரால் முன் ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்று வெட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரயர் நல்லாகத்தான் இருந்தது. ஸ்ரியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க வெட்டச் சொல்லிவிட்டுக் குனிந்து உள்விளிம்பைப் பார்த்தபோதுதான் றப்பர் தேய்ந்து கம்பி தெரிவதைக் கண்டேன். முந்தின கிழமைதான் அதே ரயரில், நள்ளிரவில், ஒரு கர்ப்பிணித் தாயை யாழ்ப்பாணம் கொண்டுபோய் இறக்கியிருந்தான்.

அவனை ஏசவில்லை. ஏசினால் கேட்கிற வயதும் இல்லை. காம்பர் பற்றி அவன் சொன்னதில் பாதி சரி என்பது பிறகு தெரிந்தது. மிச்சப் பாதியைத் தேடிப் போனதன் விளைவு இந்தக் கட்டுரை. இதே கேள்வியோடு கராஜ் வாசலில் நிற்கும் பொடியன்களுக்கும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் தாய்மாருக்கும் இது உதவலாம்.

ட்ரிப்ட் பிறந்த இடம் ஜப்பான். 1970 களில் அங்கு நடந்த கார்ப் பந்தயங்களில் குனிமிட்சு தகஹாஷி என்ற ஓட்டுநர், வளைவுக்குள் நுழையும்போதே பின்சில்லுகளை வழுக்கவிட்டு, அந்த வழுக்கலோடே வளைவைக் கடப்பார். இவர் ஆதியில் மோட்டார் சைக்கிள் வீரர். 1961 இல் உலக சம்பியன்ஷிப் மோட்டார் சைக்கிள் பந்தயமொன்றை வென்ற முதல் ஜப்பானியர். அவரைப் பார்த்து வளர்ந்த கெயிச்சி சுச்சியா மலைப்பாதைகளில் அதைப் பழகி ஒரு கலையாக்கினார். 1987 இல் அவர் மலைப்பாதையில் ஓட்டிய காணொளி ஒன்று வெளிவந்து, சட்டவிரோதமான ஓட்டம் என்பதால் அவருக்குச் சிக்கலையும் புகழையும் சேர்த்தே கொடுத்தது. 2000 அளவில் சுச்சியாவும் டைஜிரோ இனாடாவும் சேர்ந்து ஒழுங்கான போட்டியைத் தொடங்கினார்கள். அதுதான் டி1 கிராண்ட் பிரீ. அமெரிக்காவில் ஃபோர்மியூலா ட்ரிப்டின் முதல் பருவம் 2004 இல் நடந்தது. இந்தப் போட்டிகளில் முதலில் வந்து சேருபவரைத் தேடுவதில்லை. எவ்வளவு கோணத்தில், எந்தக் கோட்டில், எவ்வளவு கட்டுப்பாட்டோடு வழுக்கினார் என்பதற்குத்தான் புள்ளி.

சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் 1983 முதல் 1987 வரை உற்பத்தியான கொரோலா ஏஈ 86. பிற்பாடு 'இனிஷியல் டி' என்ற சித்திரக்கதை அதை உலகம் முழுக்கப் பரப்பியது. அக்காவின் மகன் கேஈ 70 ஐப் பிடித்துக்கொண்டதன் இரகசியமும் இங்குதான். அந்தத் தலைமுறைக் கொரோலாக்களில் பெரும்பாலானவை முன்சில்லு இழுக்கும் கார்களாக மாறிவிட்டபோதும், ஏஈ 86 மட்டும் பழைய பின்சில்லு உந்தும் அடித்தளத்தில் தொடர்ந்தது. அந்தப் பழைய அடித்தளம் கேஈ 70 குடும்பத்தினுடையது. அவுஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் கேஈ 70 களை இன்றும் ட்ரிப்டுக்காகத் தேடி வாங்குகிறார்கள். ஆக, பொடியன் வைத்திருப்பது அந்தப் பரம்பரையின் ஏழைச் சித்தப்பா. ஏழை என்பது இயந்திரத்தை வைத்து: 1,290 சிசி, அவ்வளவுதான்.

இனி கோணங்கள். ஒரு சில்லை மூன்று பக்கத்தால் பார்க்கலாம். முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் தலை உள்ளுக்கோ வெளியிலோ சாய்ந்திருப்பது காம்பர். தலை உள்ளுக்குச் சாய்ந்தால் அதை மறை காம்பர் என்றும் வெளியே சாய்ந்தால் நேர் காம்பர் என்றும் சொல்வோம். பள்ளிக்கூடக் கணக்கில் வரும் மறை, நேர்தான். பக்கத்தால் பார்க்கும்போது, சில்லு எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் சாய்வு காஸ்டர். சைக்கிளின் முன்கவடு மேலே பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதல்லவா, அதேதான். கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சில்லுகளும் மூக்கை உள்ளுக்கு வைத்திருக்கின்றனவா, வெளியே வைத்திருக்கின்றனவா என்பது டோ. மனிதர் நடக்கும்போது கால்விரல் உள்ளுக்கு நிற்பதையும் வெளிப்பக்கம் நிற்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காரில் இவை எல்லாம் அடக்கமாக இருக்கும். காம்பர் பூச்சியத்துக்கு அண்டி, அல்லது ஒரு பாகைக்குள். டோ ஒன்றிரண்டு மில்லிமீற்றர். ட்ரிப்ட் காரில் முன்சில்லுக்கு மறை 3 இலிருந்து 5 பாகை வரை காம்பர் வைப்பது வழமை. சிலர் அதற்கும் மேலே போவார்கள். ஏன் இவ்வளவு என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது. பொடியனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "வடிவா இருக்கும்" என்பதுதான் அவனிடமிருந்த விளக்கம்.

விளக்கம் இதுதான். கார் இடப்பக்க வளைவொன்றில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். காரின் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பின்பக்கம் வெளியே வலப்பக்கமாக எறிபடுகிறது. சுழன்றுவிடாமல் பிடிப்பதற்கு ஓட்டுநர் ஸ்ரியரிங்கை எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், நிறைய வெட்டிவைத்திருப்பார். காரின் பாரமெல்லாம் வளைவின் வெளிப்பக்கமான வலது முன்சில்லில் வந்து குந்துகிறது. காஸ்டர் இருக்கிற காரில் ஸ்ரியரிங்கை வலப்பக்கம் வெட்டினால், வலது சில்லின் தலை வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கும். அதாவது, பாரம் முழுவதையும் சுமக்கிற சில்லுத்தான், அந்த நேரம் பார்த்து, பாதத்தின் வெளிவிளிம்பில் நிற்கப் பார்க்கிறது. முன்கூட்டியே உள்ளுக்குச் சாய்த்து வைத்திருந்தால் அந்தச் சாய்வு கழிபட்டு, ரயர் தரையில் தட்டையாகப் படியும். மறை காம்பர் இந்தக் கழித்தல் கணக்குக்காகத்தான். நேரே ஓடும்போது அது வீண். உள்விளிம்பு மட்டும் தரையில் தேயும்.

இன்னொரு விதமாகச் சொன்னால், ஸ்ரியரிங் எவ்வளவு வெட்டும் என்பதைப் பொறுத்தே எவ்வளவு காம்பர் தேவை என்பது. சாதாரணக் காரின் முன்சில்லு 35 பாகை அளவுக்குத் திரும்பும். போட்டி ட்ரிப்ட் கார்களில் பாகங்களை மாற்றி 60 பாகைக்கு மேல் திருப்புகிறார்கள். அந்தக் கார்களுக்குரிய காம்பர் எண்ணைக் கொண்டுவந்து, 35 பாகைக்குமேல் திரும்பாத காருக்கு வைப்பது, வேறொருவரின் கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது.

காஸ்டர்தான் ட்ரிப்டின் உண்மையான சூட்சுமம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைப் படமெடுத்துப் போட முடியாது. ஆகவே அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 6 இலிருந்து 8 பாகை அளவில் காஸ்டர் வைத்தால், பின்பக்கம் வழுக்கத் தொடங்கியவுடன் ஸ்ரியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழலும். நல்ல ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் ஸ்ரியரிங்கைச் சுழற்றுவதில்லை. கையைத் தளர்த்தி ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். காஸ்டர் குறைந்த காரில் அந்த வேலை முழுவதையும் கை செய்ய வேண்டும். கை பிந்தினால் கார் சுழலும்.

முன் டோவைப் பூச்சியத்தில் அல்லது சற்று வெளிப்பக்கம் வைப்பார்கள். ஸ்ரியரிங்குக்குக் கார் உடனே பதில் சொல்லும் என்பதற்காக. நேர்வீதியில் அதே கார் மாடு போல இங்கும் அங்கும் அலையும். பின்சில்லுக்கு வந்தால் கதை தலைகீழ். பின்சில்லு வழுக்குகிறது என்பதற்காக அதற்குப் பிடி வேண்டாம் என்றில்லை. வழுக்கிக்கொண்டே காரை முன்னுக்குத் தள்ளுவதும் அதுதான். ஆகவே பின் காம்பர் பூச்சியத்துக்குக் கிட்ட, மிஞ்சினால் மறை ஒரு பாகை. பின் டோ பூச்சியம் அல்லது சற்று உட்பக்கம். பின்சில்லுகளையும் முன்சில்லுகள் போலச் சாய்த்து வைத்திருக்கும் கார்களைப் படங்களில் பார்க்கிறோம். அது அலங்காரம். ட்ரிப்ட் அல்ல.

கேஈ 70 காரருக்கு இங்கே ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. பின் அச்சு ஒரே துண்டு. அதில் காம்பரோ டோவோ மாற்ற இடமே இல்லை. ஆகவே அந்தத் தலையிடி இல்லை; அச்சு வளையாமல், நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கெட்ட செய்தி, முன்பக்கத்திலும் காம்பர் மாற்றுவதற்குக் கொம்பனி ஒன்றும் வைத்துவிடவில்லை. முன்சில்லை மேலே ஷொக் தூணும் கீழே ஒரு கையும் பிடித்திருக்கின்றன. சில்லைச் சாய்க்க வேண்டுமென்றால் ஒன்று தூணின் தலையை உள்ளுக்கு நகர்த்த வேண்டும், அல்லது கீழ்க்கையை நீட்ட வேண்டும். தலையை நகர்த்துவதற்கு விற்கப்படும் தட்டுக்குத்தான் காம்பர் ரொப் என்று பெயர். பொடியன் கேட்ட எண்பதாயிரம் அதற்குத்தான். பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருந்தான்.

ஸ்பிரிங் வெட்டினாலும் சில்லு கொஞ்சம் உள்ளுக்குச் சாயும் என்பது உண்மை. கார் பதியும்போது கீழ்க்கையின் கோணம் மாறுவதால் அப்படி நடக்கிறது. பொடியன்கள் கண்டுபிடித்த ஏழைக் காம்பர் இதுதான். ஆனால் வெட்டிய ஸ்பிரிங்குக்கு நீளம் குறைவு. சில்லு பள்ளத்தில் விழுந்து தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து தளர்ந்து, திரும்பி வரும்போது சரியான இடத்தில் குந்தாமல் போகலாம். கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிட்ட காரில், ஒவ்வொரு குழியிலும் சில்லு தானாகவே சற்றுத் திரும்பும். ஸ்ரியரிங்கை அசைக்காமலே கார் பக்கம் மாறும். எங்கள் உள்வீதிகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிலர் வெட்டாமல் காஸ் அடுப்பால் சூடாக்கிப் பதிக்கிறார்கள். அது வெட்டுவதைவிட மோசம். சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். பிறகு எப்போது முறியும் என்று எவராலும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த கராஜ் ஐயா ஒருவர் இருக்கிறார். அறுபத்தைந்து வயதுக்கு மேல். கணினி பூட்டிய அலைன்மென்ட் நிலையங்கள் இப்போது நகரத்தில் பல இருந்தும், இவரிடம் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். காரைக் கொண்டுபோய் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பிள்ளை, இதை ஆர் பதிச்சது?" என்று கேட்டார். நான் பொடியனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். அதற்குமேல் ஐயா அதைப் பற்றிப் பேசவில்லை.

இவர் நூல் பிடித்து அலைன்மென்ட் செய்யப் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 களும் மொரிஸ் மைனர்களும்தான் வீதியில் நின்றன. புகையும் அந்த மணமும் எனக்கு நல்ல நினைவு. ரயர் கிடைப்பது அரிது. கிடைத்த ரயரைத் தேயாமல் பார்க்க வேண்டும். "மெசின் எங்கால? கரண்டே இல்லை. நூலும் தூக்குக்குண்டும் அடிமட்டமும்தான். ரயர் ஒண்டு போனா அந்தக் கார் நிண்டது நிண்டதுதான். அதால மில்லிமீற்றர் பார்த்தம்" என்றார். உலகத்தின் பல பந்தய அணிகள் இன்றும் திடலில் நூல் பிடித்துத்தான் அளக்கின்றன என்று நான் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவில்லை.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டிலும் செய்யலாம்; அவசரப்படக்கூடாது, அவ்வளவுதான். சமதரை முதலாவது. சீமெந்து போட்ட நிலமாக இருந்தாலும் நீர்மட்டம் வைத்துப் பார்த்தார். நான்கு ரயருக்கும் காற்றைச் சரியாக்கினார். காற்றுக் குறைந்த ரயர் எல்லா அளவையும் பொய்யாக்கும். பிறகு போல் ஜொயின்ற், டை றொட் முனை, புஷ், சில்லுப் போறிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு கோணம் அளப்பதில் அர்த்தமில்லை. வலது கீழ்க்கையின் புஷ் சற்றுத் தளர்வு என்று குறித்துக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையில் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைக்கச் சொன்னார். ஆள் இருக்கும்போது கார் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் அளக்க வேண்டும். முன்சில்லுகளின் கீழே இரண்டு தகரத் தட்டுகள், நடுவில் கிறீஸ். தரை சில்லைப் பிடித்து வைத்திருக்காமல் சுலபமாகத் திரும்புவதற்கு.

காம்பருக்குத் தூக்குக்குண்டு. மேசன்மார் சுவருக்குப் பிடிப்பதுதான். நூலைச் சில்லுக்கு முன்னால் தொங்கவிட்டு, இரும்பு வளையத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 13 அங்குலச் சில்லின் வளையம் விளிம்போடு சேர்த்து ஏறத்தாழ 355 மில்லிமீற்றர். அதில் மேலும் கீழும் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் அது ஒரு பாகை. காணொளிகளில் வரும் மறை 4 பாகை என்பது 25 மில்லிமீற்றர், அதாவது ஒரு அங்குலம். எங்கள் காரில் இடப்பக்கம் 9, வலப்பக்கம் 12. ஆக, மறை ஒன்றரையும் மறை இரண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாதது ஸ்பிரிங் வெட்டியதன் கைவண்ணம்.

டோவுக்கு இரண்டு நூல். காரின் இரு பக்கத்திலும், சில்லின் நடு உயரத்தில், முன்னும் பின்னும் கம்பி நட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு நூலும் காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக வர வேண்டும். முன்சில்லுகளின் நடுவிலிருந்து நூலுக்கு இரு பக்கமும் ஒரே தூரம். பின்சில்லுகளுக்கும் இரு பக்கமும் ஒரே தூரம். முன் அகலமும் பின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே முன் அளவையும் பின் அளவையும் ஒன்றாக்கப் பார்த்து ஏமாறக்கூடாது. ஸ்ரியரிங்கை நேரே வைத்துக் கட்டிவிட்டு, ஒவ்வொரு முன்சில்லின் வளையத்திலும் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளக்க வேண்டும். முன்விளிம்பு நூலிலிருந்து தூரமாக இருந்தால் சில்லு உட்பக்கம் பார்க்கிறது. கிட்ட இருந்தால் வெளிப்பக்கம் பார்க்கிறது. எங்கள் கார் இரு பக்கமும் 4 மில்லிமீற்றர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

ரயரைத் தின்றது இந்த 4 மில்லிமீற்றர்தான். காம்பர் அதற்கு இடம் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். 355 இல் 4 மில்லிமீற்றர் என்பது பாகையில் மூன்றில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கும் அந்தச் சில்லு 11 மீற்றர் பக்கவாட்டாக இழுபடுகிறது என்று கணக்கு. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஒருதரம் வந்துபோக ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அதில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் ரயரைத் தார் வீதியில் உரஞ்சிக்கொண்டு வந்திருக்கிறான். இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டியபோதுதான் அவன் முகம் மாறியது. நான் முதல் சொன்ன புத்திமதி ஒன்றும் செய்யாததை இந்த வகுத்தல் செய்தது.

வேலையின் ஒழுங்கும் முக்கியம். கார் நிற்கும் உயரம் முதலில், பிறகு காஸ்டர், பிறகு காம்பர், கடைசியாக டோ. காம்பரில் கை வைத்தால் டோ மாறும். ஆகவே ஸ்பிரிங் வெட்டிவிட்டோ காம்பர் ரொப் பூட்டிவிட்டோ டோ பார்க்காமல் வீதியில் இறங்குவதுதான் பெரிய பிழை. பொடியன் செய்ததும் அதுதான். டை றொட்டைத் திருகும்போது இரு பக்கமும் ஒரே அளவாகத் திருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் சில்லுகள் சரியாகிவிடும். ஸ்ரியரிங் கோணலாக நிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காரை முன்னுக்கும் பின்னுக்கும் சில அடி உருட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

ட்ரிப்டை விரும்புகிறவர்களிடம் அதைக் கெட்ட விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேகம் குறைந்த, மூடிய திடலில் செய்தால், காரின் பாரம் எங்கே போகிறது என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத் தரும் வேறு பயிற்சி இருக்காது. ஆனால் திடல் என்றால் ஓட்டுநருக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையில் போதிய தூரமும் தடுப்பும் உள்ள இடம். 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவையில், அனுமதியோடு நடந்த பந்தயத்திலேயே ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. எங்கள் பொடியன்கள் வீதியில், இரவில், நண்பர்கள் இரு பக்கமும் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க முயன்று பார்க்கிறார்கள். 1,290 சிசி இயந்திரத்துக்குக் காய்ந்த தாரில் பின்சில்லை வழுக்கவிடும் வலு போதாது. ஆகவே மழை பெய்யும்வரை காத்திருக்கிறார்கள், அல்லது தேய்ந்த ரயரைப் பின்னுக்குப் போடுகிறார்கள். அந்தத் தேய்ந்த ரயரோடேதான் மறுநாள் காலை ஹயரும் ஓடுகிறது.

ட்ரிப்டுக்கு வைத்த காரை அன்றாடம் ஓட்ட முடியுமா என்று ஐயாவிடம் அவன் கேட்டான். "ஓடலாம் தம்பி. ரயர் கடைக்காரன் உனக்குத் தீபாவளிக்கு உடுப்பு எடுத்துத் தருவான்" என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி, காம்பர் ரொப்பில் இரண்டு இடத்தைக் கோடு கீறி வைக்கலாம், ஒன்று வீட்டுக்கு, மற்றது திடலுக்கு. ஆனால் ஒவ்வொருதரம் மாற்றும்போதும் டை றொட்டை எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்பதையும் அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும், திருகிய பூட்டுச் சுரையை இறுக்க மறந்தால் கதை முடிந்தது என்று விளக்கினார். மழை நாளில், இரவில், ஆஸ்பத்திரிக்கு என்று யாராவது கூப்பிட்டால் அரை மணித்தியாலம் காருக்குக் கீழே படுத்துத் திருகிவிட்டுத்தான் போக வேண்டும். பொடியன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

எண்பதாயிரம் நான் கொடுக்கவில்லை. அதிலும் குறைவான காசுக்கு, பழைய இரும்புக் கடையொன்றில் வெட்டாத முன் ஸ்பிரிங் சோடியும், ரயர் இரண்டும் எடுத்தோம். ஸ்பிரிங் மாற்றியதும் கார் நிமிர்ந்தது. தூக்குக்குண்டில் மேலும் கீழும் 2 மில்லிமீற்றருக்குள் வந்தது. டோவை இரு பக்கமும் உட்பக்கம் 1 மில்லிமீற்றரில் நிறுத்தினார் ஐயா. பின் அச்சையும் நூலில் பார்த்தார், நேராக இருந்தது. ஏ9 இல் திரும்பிப் போகும்போது ஸ்ரியரிங்கிலிருந்து கையைச் சற்றுத் தளர்த்திக் காட்டினான். இழுக்கவில்லை. "சின்னம்மா, முந்தி இடப்பக்கம் இழுக்கிறது றோட்டின்ர பிழை எண்டு நினைச்சன்" என்றான்.

பெயரைப் போட வேண்டாம், படமும் வேண்டாம், கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள் என்று கேட்டுக்கொண்டதால் அவனுடைய பெயர் இங்கு இல்லை. அலைன்மென்ட் எண்களை பொனற்றின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதி, திகதியும் போட்டு வைத்திருக்கிறான். 500 கிலோமீற்றர் ஓடியபிறகு வரச் சொல்லியிருந்தார் ஐயா. போன ஞாயிறு திரும்பவும் நூல் பிடித்தோம். இடப்பக்கம் அப்படியே இருந்தது. வலப்பக்கம் ஒரு மில்லிமீற்றர் மாறியிருந்தது. அந்தத் தளர்ந்த புஷ்தான் காரணம், அடுத்த மாதம் மாற்ற வேண்டும் என்றார்.